ஆலை மூடிய நிலத்தில் யாருக்கான ஊர்?

உயர் அழுத்த மின்பாதைகளில் இடி விழுந்தால் அதை வாங்கித் தரைக்குள் இறக்கிவிடும் கருவிகளைச் செய்த தொழிற்சாலை ஒன்று புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில் இருந்தது. எல்ப்ரோ இன்டர்நேஷனல் என்று பெயர். 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கப்பட்டது. அந்த வளாகத்தில் இன்று பெரிய மால் ஒன்று நிற்கிறது. உள்ளே சினிமா, உணவுக்கூடம், துணிக்கடைகள். பக்கத்திலேயே அதே நிறுவனம் நடத்தும் பள்ளிக்கூடம், அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள். காலை ஷிப்ட் சங்கு ஊதிய இடத்தில் இப்போது பள்ளி மணி அடிக்கிறது.

இந்த மாற்றத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். சாலையும் மின்சாரமும் கழிவுநீர்க் குழாயும் ஏற்கெனவே போட்டு முடித்த நிலம் அது. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடப்பதைவிட அதில் ஜனங்கள் நடமாடுவது நல்லது. ஊர் எல்லையில் கரும்பு விளையும் வயலை அழித்துப் புது நகர் போடுவதைவிட, ஊருக்கு நடுவே சும்மா கிடக்கும் நிலத்தை மறுபடி பயன்படுத்துவது எவ்வளவோ மேல். வீடு, வேலை, கடை, பள்ளி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் அமைந்தால் வண்டியும் புகையும் குறையும். நகரத் திட்டவல்லுநர்கள் கலப்புப் பயன்பாடு என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் கலப்பில் எதெல்லாம் சேர்கிறது, எது விட்டுப்போகிறது என்று பார்க்கவேண்டும். சிஞ்ச்வட்டில் ஆலை நிலங்கள் ஒவ்வொன்றாக உருமாறும்போது முதலில் காணாமல் போவது பொருள் உற்பத்தி. அடுத்தது, அந்த உற்பத்தியில் கைவேலை பார்த்தவர் குடியிருக்கத் தோதான வாடகை வீடு. கடையும் அலுவலகமும் விலையுயர்ந்த வீடும் மட்டும் கலந்த கலவையை ஒரு முழுமையான ஊர் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

சங்கு ஊதிய நகரம்

மோரியா கோஸாவியின் சமாதிக் கோயிலாலும், 1897-இல் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்களாலும் அறியப்பட்ட, பவனா நதிக்கரைச் சிற்றூர் சிஞ்ச்வட். 1950-களில் பக்கத்துப் பிம்ப்ரியில் பென்சிலின் ஆலை வந்தது. 1962-இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் (எம்.ஐ.டி.சி.) பிறந்ததும் சுற்றுவட்டார நிலம் பிளாக் பிளாக்காகப் பிரிந்தது. டெல்கோ, ஆகுர்டியில் பஜாஜ், பேரிங் செய்யும் எஸ்.கே.எஃப். என்று வரிசையாக வந்தன. 1970-இல் நகராட்சி, 1982-இல் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் பிம்ப்ரி சிஞ்ச்வட்டின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நகர எல்லைக்குள் வரும் சரக்குக்கெல்லாம் விதித்த ஆக்ட்ராய் வரியால் மாநகராட்சியின் கஜானா நிரம்பியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஃபிட்டர்களும் டர்னர்களும் வந்து சேர்ந்தார்கள். நம்மூர் ஐ.டி.ஐ.க்களில் படித்தவர்களும் அதில் உண்டு. நிக்டியிலும் ஆகுர்டியிலும் இன்றைக்கும் தமிழ்க் குரல் கேட்கும்.

பிறகு ஆலைகள் வெளியே நகர்ந்தன. அருகிலுள்ள சாகணில் நிலம் மலிவு, இடம் தாராளம். பழைய ஆலைக்குள் புதிய உற்பத்தி வரிசையைத் திணிப்பதைவிட அங்கே புதிதாகக் கட்டுவது எளிது. சிஞ்ச்வட் நிலத்தின் விலை, அதில் செய்யும் பொருளின் லாபத்தை எப்போதோ முந்திவிட்டது. ஆலையை நடத்துவதைவிட நிலத்தை விற்பதில் வரும்படி அதிகம் என்ற நிலை வந்தபின் எந்த இயக்குநர் குழுவும் நீண்டகாலம் தயங்காது.

அப்படி மாற்றுவதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது: ஐ டு ஆர். தொழில் மண்டலத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்றுதல். கட்டுநர் அலுவலகம், வழக்கறிஞர் அறை, டீக்கடை எங்கும் இந்தச் சொல் அடிபடும். விதிப்படி நிலத்தில் ஒரு பங்கைப் பொது வசதிகளுக்கு ஒதுக்கவேண்டும். 4,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் 20 சதவீதம் அளவுக்குக் குறைந்த வருமானக்காரர்களுக்கான சிறு வீடுகள் தரவேண்டும் என்று, 2020 டிசம்பரில் வந்த மாநிலத்தின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் சொல்கின்றன. அவை குலுக்கல் முறையில் விற்கப்படுகின்றன. நல்ல விதிதான். ஆனால் அது சொந்த வீடு வாங்கக்கூடியவருக்கான விதி. மாதச் சம்பளம் நிச்சயமில்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதனால் பயனில்லை. அவர் தேடுவது காட் பேசிஸ்: ஓர் அறையில் நான்கைந்து கட்டில், ஒரு கட்டிலுக்கு மாத வாடகை. வடக்கிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் வரும் இளைஞர்கள் இப்படித்தான் தங்குகிறார்கள். ஐ டு ஆர் வழியாக எழும்பும் எந்தக் கோபுரத்தின் வரைபடத்திலும் இவர்களுக்கான அறையைக் காணோம்.

ஒரு புஷ்ஷின் பயணம்

உற்பத்தியை ஊருக்குள் வைத்திருக்கவேண்டும் என்று சொன்னால் பலருக்கும் வியப்பாக இருக்கிறது. ஆலை என்றால் சத்தம், புகை, அதெல்லாம் ஊருக்கு வெளியே போகட்டும் என்பதுதான் பொது எண்ணம். ஆகவே இந்தத் தொழில் உண்மையில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

இருசக்கர வண்டிக்குள் போகும் விரலளவு எஃகுப் புஷ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட கம்பியாக வரும் எஃகை ஒரு ஷெட்டில் துண்டு போடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஷெட்டில் சி.என்.சி. லேத்தில் கடைகிறார்கள். அங்கிருந்து மூன்று சக்கர டெம்போவில் ஏறி ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்குப் போகும். உலையிலிருந்து இறங்கியதும் கிரைண்டிங். அதன்பின் துத்தநாக முலாம். கடைசியாக அளவு பார்த்து, எண்ணெய் தடவி, பெட்டியில் அடுக்கி ஆலை கேட்டுக்கு. ஒவ்வொரு படியும் வேறு வேறு முதலாளி. ஒவ்வொருவரிடமும் பத்து, பதினைந்து பேர் வேலை. காலையில் கடைந்த புஷ்ஷில் அளவு கொஞ்சம் பிசகினால் மதியத்துக்குள் திரும்பி வந்து சரியாகும். ஷெட்டுகளெல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் இது முடிகிறது.

இந்தச் சங்கிலியில் முலாம் பூசுபவரை மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்பினால் மற்ற அத்தனை பேரின் கணக்கும் குலையும். டெம்போ வாடகை ஏறும், ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். உறுப்பு ஒன்று அறுபட்டால் உடம்பு முழுக்க நோகும் என்பது இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும். புதிய குடியிருப்புகளில் வீடு வாங்கியவர்கள் பக்கத்து ஷெட்டின் பவர் பிரஸ் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுக்கிறார்கள். அவர்கள் தூக்கம் அவர்களுக்கு முக்கியம், அதை மறுக்கமுடியாது. பல ஆண்டுகளாக அங்கே இருந்த ஷெட்டுக்கு ஒட்டினாற்போலப் படுக்கையறை கட்ட அனுமதித்த கையெழுத்துதான் இங்கே குற்றவாளி.

அந்தக் கையெழுத்தின் இன்னொரு முகத்தை 2025 பிப்ரவரியில் அதே நகரின் சிகலி குதல்வாடியில் பார்த்தோம். அனுமதியற்றவை என்று சொல்லி, பழைய இரும்புக் கிடங்குகளும் சிறு பட்டறைகளுமாக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்களை மாநகராட்சி ஒரே வாரத்தில் இடித்துத் தள்ளியது. அங்கே தீ விபத்துகள் நடந்தன, மாசு இருந்தது, சட்ட மீறலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நகரத்தின் பழைய இரும்பையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து மறுபடி ஆலைக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். மாற்று இடம் தயார் செய்யாமல் இடித்ததை நிலைத்த வளர்ச்சி என்ற கணக்கில் யாரும் சேர்க்கக்கூடாது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் அதே ஊரில் இருப்பது ஆறுதல். ஆகுர்டியில் சேதக் ஸ்கூட்டர் பிறந்த பஜாஜ் ஆலை 2007-இல் உற்பத்தியை நிறுத்தியது. அன்று அந்த நிலமும் வீட்டுமனையாகிவிடும் என்று ஊரே பேசியது. தலைமையகமும் ஆராய்ச்சிப் பிரிவும் அங்கேயே தொடர்ந்தன. 2022 ஜூன் 10 அன்று, நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ராகுல் பஜாஜின் பிறந்தநாளில், அதே ஆகுர்டியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் வண்டிகள் செய்யும் திறன், 300 கோடி ரூபாய் முதலீடு. பெட்ரோல் இன்ஜின் இல்லாத வண்டி என்பதால் ஆலைக்குள் இரைச்சலும் எண்ணெய்ப் பிசுக்கும் குறைவு. மெட்ரோ வரப்போகும் சாலையை ஒட்டி ஓர் ஆலை பிழைக்கமுடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது?

ஆலை நிலத்தை வீட்டு நிலமாக்கும்போது யாரும் பேச விரும்பாத விஷயம் மண். முலாம் பட்டறையில் குரோமியம், நிக்கல், சயனைடு புழங்கும். இயந்திரங்களின் அடியில் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் சொட்டியிருக்கும். பழைய கூரைகளில் கல்நார்த் தகடு. அடித்தளத்தில் கார் நிறுத்தத் தோண்டும்போது அந்த மண் லாரி லாரியாக எங்கோ போகிறது. எங்கே கொட்டினார்கள், அதில் என்ன இருந்தது என்று வீடு வாங்குபவருக்குத் தெரியாது.

நமக்குக் கொடைக்கானல் பாடம் இருக்கிறது. 2001-இல் மூடப்பட்ட ஹிந்துஸ்தான் லீவர் வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற சண்டை இருபதாண்டுக்கும் மேலாக இழுத்தது. மூடிய பிறகு சுத்தம் செய்வது எவ்வளவு கடினம் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்று தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில்தான் வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரவேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்யவேண்டும். கெடுத்தவர் செலவிலேயே சுத்தம் செய்யவேண்டும். வரவேற்கவேண்டிய விதிகள். ஆனால் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்காமல், ஐ டு ஆர் விண்ணப்பத்தோடு மண் பரிசோதனை அறிக்கை இணைத்தால்தான் கோப்பே நகரும் என்று ஆக்கவேண்டும். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கும் இருக்கவேண்டும்.

அடுத்தது தண்ணீர். பிம்ப்ரி சிஞ்ச்வட்டுக்குப் பவனா அணை முக்கிய ஆதாரம். 2019 நவம்பரிலிருந்து இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய்த் தண்ணீர். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித் தொடங்கியது, ஆண்டுகள் உருண்டும் மாறவில்லை. பெரிய குடியிருப்புகள் டேங்கர் லாரியை நம்பி நிற்கின்றன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைத்துக் கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் அது ஓடுவதில்லை என்பது மாநகராட்சியின் தீராத புகார். இந்த நிலையில் மெட்ரோ நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் தளப்பரப்புக் குறியீடு 4 வரை அனுமதிக்கலாம் என்கிறது மாநில விதி. அதாவது மனையின் பரப்பைப் போல நான்கு மடங்கு வரை கட்டலாம்.

மெட்ரோவை ஒட்டி அடர்த்தியாகக் கட்டுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பிம்ப்ரியில் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து 2022 மார்ச் 6 அன்று ஓடத் தொடங்கிய பாதை, 2024 செப்டம்பரில் ஸ்வார்கேட் வரை எட்டியது. மறுபக்கம் நிக்டி வரை 4.4 கிலோமீட்டர் நீட்டிப்புக்கு 910 கோடி ரூபாயில் ஒப்புதல் கிடைத்து, சிஞ்ச்வட், ஆகுர்டி, நிக்டி, பக்தி சக்தி என நான்கு நிலையங்கள் வரவிருக்கின்றன. இவ்வளவு பொதுப்பணம் போட்ட பாதையின் ஓரத்தில் காலி நிலம் கிடப்பது வீண்தான். ஆனால் அங்கே எழும்பும் கோபுரம் தன் கழிவுநீரைத் தானே சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்துகிறதா என்று ஆண்டுதோறும் சரிபார்க்க ஆள் வேண்டும். நான்கு கார் அடுக்குகளோடு மெட்ரோ வாசலில் கட்டினால் ரயிலில் ஏறப்போவது யார்?

பென்சிலின் நிலம்

இதுவரை சொன்னதெல்லாம் தனியார் நிலம். விதி போடலாம், கெஞ்சலாம்; அதற்குமேல் சிரமம். ஆனால் பிம்ப்ரியில் பொதுநிலம் ஒன்று இருக்கிறது. சிஞ்ச்வட்டிலிருந்து புனே நோக்கிச் சில நிமிடப் பயணத்தில் வரும் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிலம்.

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு 1954-இல் தொடங்கப்பட்ட இந்த ஆலைதான் மருந்து உற்பத்தியில் இறங்கிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம். 1955-இல் பென்சிலின் வெளிவந்தது. மைசூர் பகுதியைச் சேர்ந்த பூஞ்சையியல் அறிஞர் எம்.ஜே.திருமலாச்சார் இங்கிருந்துதான் ஹமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மைதானம், பெரிய பெரிய மரங்கள். கலப்புப் பயன்பாடு என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, வேலையும் வீடும் நடைதூரத்தில் அமைந்த ஊர் இது.

நிறுவனம் நொடித்தது. கடனையும் நிலுவையையும் தீர்க்க 87.70 ஏக்கர் உபரி நிலத்தை விற்கலாம் என்று மத்திய அமைச்சரவை 2016-இல் முடிவு செய்தது. சம்பள நிலுவைக்கும் விருப்ப ஓய்வுக்கும் 2019 ஜூலையில் 280.15 கோடி ரூபாய் கடனாகத் தரப்பட்டது. சம்பளம் வராமல் தவித்த குடும்பங்களுக்கு அந்தப் பணம் அவசியம். அதைத் திரட்ட நிலத்தை மொத்தமாக ஏலம் விடுவதுதான் வழியா என்பதே கேள்வி.

மும்பையின் பஞ்சாலைப் பகுதியான கிரண்காவின் கதை நினைவிருக்கட்டும். பஞ்சாலை நிலத்தை மாற்றிக் கட்டும்போது மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று 1991 விதி சொன்னது. 2001-இல் அந்தக் கணக்கு மொத்த நிலத்துக்கில்லை, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் என்று திருத்தினார்கள். ஒரே திருத்தத்தில் பூங்காவும் தொழிலாளர் வீடும் சுருங்கிப்போயின. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. கோபுரங்கள் எழுந்தன. பழைய ஆலை வளாகத்துக்குள் அலுவலகமும் உணவகமும் நெருக்கியடித்த கமலா மில்ஸில் 2017 டிசம்பர் கடைசியில் நடந்த தீ விபத்தில் 14 பேர் மாண்டார்கள்.

பென்சிலின் நிலத்தில் இதைத் தவிர்க்க முடியும். நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம். ஆண்டு வருமானத்தால் கடன் அடையும், நிலம் பொதுவாகவே இருக்கும். மெட்ரோ பக்கம் உயரமான வீடுகள், அதில் ஒரு கணிசமான பங்கு மாநகராட்சி நேரடியாக நிர்வகிக்கும் வாடகை அறைகள். உள்ளே சத்தமும் நஞ்சும் இல்லாத தொழில்களுக்கு அடுக்குமாடித் தொழிற்கூடம். சிங்கப்பூர் 1960-களிலேயே குடியிருப்பு நகர்களுக்குள் இப்படிக் கட்டியது. சரக்கு லிஃப்ட் வைத்து, மாடிக்கு மாடி சிறு பட்டறைகள். சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் சிட்கோவும் அந்த வழியில் அடுக்குமாடித் தொழில் வளாகம் கட்டியிருக்கிறது. அளவுக்கருவி, மின்னணுப் பலகை, தையல், அச்சு, மருத்துவ உபகரணம் போன்ற வேலைகளுக்குத் தனி ஷெட் தேவையில்லை. முலாம் பூசுவோருக்கு ஒரே இடத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு தனி வளாகம் தரவேண்டும், அதுவும் அருகிலேயே. பழைய கூடங்களை இடிக்குமுன் எவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று பொறியாளர்கள் பார்க்கட்டும். நின்றுகொண்டிருக்கும் கான்கிரீட்டைவிடச் சுற்றுச்சூழலுக்கு உகந்த புதிய கான்கிரீட் கிடையாது. இடித்தே ஆகவேண்டியதை மோஷியில் உள்ள கட்டட இடிபாட்டு மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பலாம். மரங்களில் ஒன்றையும் தொடக்கூடாது.

கோவைக்கும் ஒரு வார்த்தை

இதைத் தமிழ் வாசகர்களுக்காக இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. சென்னை பெரம்பூரில் 1996-இல் மூடிய பின்னி ஆலையின் நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1921 வேலைநிறுத்தத்தால் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பிடித்த அந்த மண்ணின் எதிர்காலம் பற்றி வடசென்னைத் தொழிலாளர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், முருகன் உள்ளிட்ட தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, பிறகு முழுமையாக ஓடவில்லை. அவை ஓடவேண்டும் என்று தொழிலாளர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவற்றின் நிலம் நகரத்துக்குள் இருக்கிறது. அதன்மீது பலருக்கும் கண் இருக்கும்.

நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் தெரிவிக்கச் சில வாரங்களே கிடைக்கும். அப்போது தகவல் திரட்டத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் ஆலையின் மண் பரிசோதிக்கப்பட்டதா, புதிய வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், வாடகை வீடு எத்தனை, உற்பத்திக்கு எவ்வளவு இடம் என்ற நான்கு கேள்விகளையும் உங்கள் மாமன்ற உறுப்பினரிடமும் நகர ஊரமைப்பு அலுவலகத்திடமும் இப்போதே எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை.